பத்தில் ஒரு பங்கு: நாயக்கர்பட்டித் தொகுதியில் பார்க்கப்படாத நிலம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி குறித்து ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2024 டிசம்பர் 24 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. தொகுதியின் பரப்பு 20.16 சதுர கி.மீ.; அதற்குள் அடங்கும் அரிட்டாபட்டிப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் 1.93 சதுர கி.மீ. அந்தத் தலத்தை விலக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்றி வரைய இயலுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் கேட்கப்பட்டது. 2025 ஜனவரி 23இல் தொகுதியின் சுரங்க ஏலமே ரத்தானது. ஆயினும் இந்த இரண்டு எண்களின் விகிதம் நம் எழுத்துகளில் நிலைத்துவிட்டது. பாதிப்பு பத்தில் ஒரு பங்குதான் என்றனர் ஒரு சாரார். அந்தப் பத்தில் ஒரு பங்கே விலைமதிப்பற்றது என்றனர், தொல்லியல் சார்பில் எழுதியவர்கள். எதிரெதிராக நின்ற இரு தரப்பும், தொன்மை அந்த 193 ஹெக்டேருக்குள்தான் இருக்கிறது என்பதை விவாதமின்றி ஏற்றுக்கொண்டன. எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுவே.

193.215 ஹெக்டேர் என்ற எல்லை எப்படி வந்தது? பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களின் நிலத்தை அறிவிக்கை செய்தது. அறிவிக்கையின் பின்னணியில் குடைவரையும் கல்வெட்டும் பேசப்பட்டது உண்மை. ஆனால் அது வல்லூறுக்கும் தேவாங்குக்கும் சுனைகளுக்கும் போட்ட வேலி. தொல்லியல் கள ஆய்வின் முடிவாக வரைந்த கோடு அல்ல. அதற்கு வெளியே உள்ள சுமார் 1,822 ஹெக்டேரில் தொல்பொருள் இல்லை என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. ‘அறிவிக்கப்படாதது’ என்பதை ‘இல்லாதது’ என்று நாமாகப் படித்துக்கொண்டோம்.

மலைகளில் உள்ள சான்றுகளே இந்த வாசிப்புக்கு எதிராக நிற்கின்றன. அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையின் முதல் தமிழி கல்வெட்டு கடந்த நூற்றாண்டிலேயே பதிவானது. இரண்டாவது 2003இல்தான் கண்டறியப்பட்டது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிய மலை அது. குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடி, அதன் கீழே மேலோட்டமாகச் செதுக்கிய எழுத்து: உச்சி வெயிலில் இது பாறையின் கீறலோடு கீறலாகக் கலந்துவிடும், வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் கண்ணில் படும். பெயர்பெற்ற மலையிலேயே இத்தனை காலம் ஒரு கல்வெட்டு தப்பியிருந்தால், அடிவாரத்துக் கொல்லைக்காடு பார்த்து முடிந்ததாக எப்படிச் சொல்வது?

கல்வெட்டுகள் சொல்லும் செய்தி இன்னும் முக்கியம். அரிட்டாபட்டியில் குகை கொடுத்த ஒருவர் நெல்வேலியைச் சேர்ந்தவர். மற்றவர் இலஞ்சி வேளின் மகன். நெல்வேலியை இன்றைய திருநெல்வேலி என்று கொள்வதில் தயக்கம் நியாயமானதே. இலஞ்சி, தென்காசிப் பக்கத்து இலஞ்சிதானா என்பதிலும் நான் பிடிவாதம் காட்டமாட்டேன். ஆனால் ஊர்ப்பெயரைச் சொல்லி அடையாளம் காட்ட வேண்டியவர் அந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அருகிலுள்ள மாங்குளம் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தார் (வணிகக் குழுவினர்) வருகிறார்கள். கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலையிலோ உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று ஒரு கடைத்தெருவே கொடையாளர் வரிசையில் நிற்கிறது. இவர்கள் யாரும் குகையில் வாழ்ந்தவர்கள் அல்லர். உப்பு வண்டி மலையேறாது. வணிகன் நடந்த பெருவழியும் கொழு அடித்த உலைக்களமும் நிகமம் கூடிய ஊரும் சமவெளியில் இருந்திருக்க வேண்டும். இந்தச் சமவெளியைத்தான் ‘மீதிப் பரப்பு’ என்கிறோம். அந்த எச்சங்கள் தொகுதியின் எல்லைக்குள்தான் கிடக்கின்றன என்று நான் வாதிடவில்லை. யாரும் முறையாக நடந்து பார்க்காத நிலத்துக்கு விகிதம் போட முடியாது என்பது மட்டுமே என் வாதம்.

நடந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரைகளிலும் நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் பதிவாயின. கீழடி அவற்றில் ஒன்று. அப்போது அது வெறும் தென்னந்தோப்பு, தரைக்கு மேல் கட்டடம் எதுவும் இல்லை, எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் பெயர் இல்லை. தொல்சின்னங்களுக்கான 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி வகுத்த 100 மீட்டர், 200 மீட்டர் வளையங்கள் இத்தகைய மண்மேட்டைத் தொடவே தொடா. பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்று இருந்தால்தானே வளையம்? மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டம், ஜுன்னர் வட்டத்தின் போரியில் குக்டி ஆற்றங்கரை எரிமலைச் சாம்பலோடு கிடைத்த கற்கருவிகளும் இந்த இனமே. அந்தச் சாம்பல் 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய தோபா எரிமலை வெடிப்பினதா, பல லட்சம் ஆண்டுகள் மூத்ததா என்று அறிஞர்கள் வாதிட முடிந்ததே, படிவு அழியாமல் இருந்ததால்தான்.

இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் எங்கும் மண்ணைத் தொட முடியாதே என்பார்கள். நான் கேட்பது ஆய்வு, தடை அல்ல. உரிமம் கொடுத்தபின் மீட்பு அகழாய்வு செய்துகொள்ளலாம் என்ற யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. எங்கே தோண்டுவது என்று சொல்லவே முன்னாய்வு வேண்டும்.

சிக்கல் வரிசைமுறையில் இருக்கிறது. கனிமச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளது. நாயக்கர்பட்டியில் 2024 நவம்பரில் ஏலதாரர் முடிவானார். சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வு அதற்குப் பின்னால் வர வேண்டியது. இலங்கையில் 1998ஆம் ஆண்டுத் தொல்பொருள் திருத்தச் சட்டமும் அதைத் தொடர்ந்து 2000இல் வந்த ஒழுங்குமுறையும், வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட அபிவிருத்தித் திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீட்டை முன்நிபந்தனை ஆக்கின. அங்கே நடைமுறையில் ஓட்டைகள் உண்டு, அது வேறு விவாதம். இங்கே புவியியல் ஆய்வு மையம் கனிமம் தேடிப் பாறை மாதிரி எடுக்கும் கட்டத்திலேயே, அதே நில அளவை எண்களில், மாநிலத் தொல்லியல் துறையும் வரப்பு வரப்பாக நடந்து பானையோடு, இரும்புக் கசடு, ஈமக்கல், பழைய மடை ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வரைபடம் ஏல ஆவணத்தோடு சேர வேண்டும். நாயக்கர்பட்டியில் ஏலம்தான் ரத்தாகியிருக்கிறது. டங்ஸ்டன் அங்கேயேதான் இருக்கிறது. புதிய எல்லையோடு இன்னொரு தொகுதி வரைய நினைப்பவர் முதலில் கைவைக்கப்போவது அந்த 1,822 ஹெக்டேரில்தான்.