மதிப்பெண் காட்டாத வழித்தடம்: கணினிப் பாவனையும் மருத்துவ மாணவரின் கற்றலும்

சிமுலேஷன் எனப்படும் கணினிப் பாவனை நம் மருத்துவக் கல்லூரிகளுக்குள் எப்போதும் எதற்காவது மாற்றாகவே நுழைந்திருக்கிறது. 2014-இல் இந்திய மருத்துவக் குழுமம் இளநிலைப் படிப்பின் உடலியங்கியல், மருந்தியல் செய்முறைகளில் விலங்குகளின் இடத்தைக் கணினிக்குக் கொடுத்தது. 2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தில் திறன் ஆய்வகம் கட்டாயமாயிற்று. நோயாளியைத் தொடும்முன் பொம்மையில் பழகும் ஏற்பாடு அது. தவளைக்கு மாற்று, நோயாளிக்கு மாற்று என்றே யோசித்ததில், மாணவர் எப்படிக் கற்கிறார் என்பதை அறியும் கருவியாகவும் பாவனை பயன்படும் என்பதை மறந்துவிட்டோம். அந்தப் பயனே பெரிது என்பது என் வாதம்.

புதுச்சேரி ஜிப்மரில் ரா. ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் மருந்தியல் துறையினர் நன்கறிந்தது. நாயின் ரத்த அழுத்தம், முயலின் கண், தவளையின் இதயம் ஆகியவற்றின் மீது மருந்துகள் செயல்படும் விதத்தை அது திரையில் காட்டுகிறது. இவ்வகைப் பயிற்சியில், பெயர் தெரியாத ஒரு மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தியல் புரிந்த மாணவி முதலில் ஆல்ஃபா ஏற்பிகளை அடைத்துவிட்டு அதே மருந்தை மறுபடி செலுத்துகிறார். இப்போது அழுத்தம் இறங்கினால் அது அட்ரினலின். நார்அட்ரினலினாக இருந்தால் ஏற்றம் மட்டுப்படுமே தவிர, இப்படித் தலைகீழாகாது. பக்கத்து இருக்கை மாணவர் பட்டியலிலுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து அதே விடைக்கு வந்து சேர்கிறார். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. எந்தப் பொத்தானை எதன் பிறகு அழுத்தினார்கள், எங்கே தயங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்ற பதிவுதான் இருவரையும் பிரித்துக் காட்டும். பெரும்பாலான தேர்வுகளில் நாம் தூக்கி எறிவது அந்தப் பதிவைத்தான்.

இதில் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டைன் மக்குவயர் குழுவினர், நோயாளி மேலாண்மைக் கணக்குகளைக் காகிதத்தில் வடிவமைத்தனர். மாணவர் தேர்ந்தெடுத்த பரிசோதனைக்கு எதிரே உள்ள மேற்பூச்சை அழித்தால் முடிவு தெரியும். பின்னர் இவை கணினிக்கும் ஏறின. ஆனால் எல்லாவற்றையும் கேட்டவருக்கே மதிப்பெண் குவிந்தது. நாலே கேள்வியில் நோயைப் பிடித்த அனுபவசாலி மருத்துவர் சில வேளைகளில் பயிற்சி மாணவரைவிடக் குறைவாக வாங்கினார். நிபுணத்துவம் என்பது எதைக் கேட்காமல் விடுவது என்பதிலும் இருக்கிறது. அதைக் கணக்கு தண்டித்தது. 1978-இல் எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா வெளியிட்ட ஆய்வு இன்னொரு சங்கடத்தையும் சேர்த்தது: ஒரு கேஸில் சிறந்தவர் அடுத்த கேஸிலும் சிறப்பார் என்று சொல்ல முடியாது. எனவே ஒற்றைப் பாவனையை வைத்து ஒருவரின் மருத்துவச் சிந்தனையை அளந்துவிட்டோம் என்பது ஏமாற்று.

ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் க்ளான்சி செய்தது வேறு. மைசின் என்ற நோயறி நிரலின் விதிகளைக் கொண்டே கைடன் என்ற கற்பிக்கும் நிரலை எழுதினார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் தராதே என்றது ஒரு விதி. அது சரியான விதிதான். ஆனால் மருந்து வளரும் பல்லிலும் எலும்பிலும் படியும் என்ற காரணம் விதிக்குள் இல்லை. நிபுணரின் விதிகள் நோயறியப் போதும், கற்பிக்கப் போதா என்று அவர் கண்டார். மாணவரைப் புரிந்துகொள்ளக் கட்டிய நிரல், ஆசிரியர் சொல்லாமல் விட்டதை வெளிக்கொணர்ந்தது.

இந்தப் படிப்பினைகளை நம் மண்ணில் பொருத்திப் பார்க்கலாம். செங்கல்பட்டில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகே திருமணியில், லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாக இருந்து 1955-இல் மத்திய அரசின் கைக்கு வந்த தொழுநோய்ப் பயிற்சி, ஆய்வு நிலையம். தொழுநோய்க்கு ஒரு பாவனை எழுத இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? “தேமல்தான் சார், அரிப்பெல்லாம் இல்ல” என்கிறார் திரையிலுள்ள நோயாளி. அரிப்பில்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்கிறாரா மாணவர், தடயமாகவா? படையில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பார்க்க அவருக்கே தோன்ற வேண்டும். ‘உணர்ச்சிப் பரிசோதனை’ என்று பட்டியலில் எழுதி வைத்தால் விடையை நாமே கொடுத்தவர்களாவோம். ஆகவே மாணவர் தாமே தட்டச்சு செய்து கேட்கும் அமைப்பு வேண்டும். அதை ஆராய்வது கடினம் என்பது அதைத் தவிர்க்கக் காரணமாகாது.

ஆனால் பாவனைக்கு எல்லை உண்டு. இதே நோயாளிக்கு முழங்கைக்குப் பின்னால் உருட்டிப் பார்க்கும் நரம்பு தடித்திருக்கிறது என்று திரை சொன்னால் விரல் எதையும் கற்பதில்லை. பாவனை சிந்தனையின் வரிசையைக் காட்டும். கையின் தேர்ச்சிக்கு வார்டுதான்.

மாணவர் எதன் பிறகு எதைக் கேட்டார் என்ற பதிவுகளை மதிப்பெண்ணோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அடுத்த ஆண்டே ‘சரியான வரிசை’ ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும்.  பெயர் நீக்கிய பதிவுகளாக, ஆசிரியர்கள் கூடிப் படிக்கும் பொருளாக அவை இருக்கட்டும். ஒரே தொழுநோய்க் கேஸை மூன்றாமாண்டு மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் தோல்நோய் நிபுணர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம். முதல் இரு குழுவினரும் ஒரே வழியில் போனால், இடைப்பட்ட வார்டு வகுப்புகள் எதைக் கற்பித்தன, அல்லது நம் பாவனை எதை அளக்கத் தவறியது என்ற விசாரணையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.