லாரியில் பிரேக் பிடிப்பும் சக்கர ஆட்டமும்

காற்று பிரேக் கொண்ட லாரியில், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே இருப்பது பிரேக் பிடிப்பு. இதையும் சக்கர ஆட்டத்தையும் தனித்தனிக் கோளாறுகளாகவே பார்க்கிறார்கள். முன்னது பின்னதை உண்டாக்கலாம் என்பதால், டயரைக் கழற்றுமுன் டிரம்மின் சூட்டைப் பார்ப்பதே சரி. ஓயாத உரசலில் காய்ந்த டிரம் வட்டம் கெடலாம். பிறகு பிரேக் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் லைனிங் ஏறியிறங்கி அழுத்த, வண்டி அதிரும்.

ஆட்டத்துக்கு டயரும் வீல் பேலன்ஸும்தானே காரணம் என்பர். அப்படியானால் பிரேக் மிதிக்காமலே அது தெரியும். மிதிக்கும்போது மட்டும் வந்தால் முதல் சந்தேகம் டிரம் மீதுதான். பேரிங் கெட்டாலும் சக்கரம் காயுமே என்ற மறுப்பு வலுவானது. அதனால்தான் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, அசைத்துப் பார்க்க வேண்டும். லூஸாக ஆடினால் பேரிங்கையும், முன்சக்கரமானால் கிங்பின்னையும் பார்க்கலாம். ஒரு சக்கரம் மட்டும் காய்ந்தால் துருப்பிடித்த கேம் ஷாஃப்ட், உடைந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், மிகையாக இறுக்கிய ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். அச்சின் இருபுறமும் காய்ந்தால் காற்றை வெளியே விடாத வால்வு காரணமாகலாம். பின் அச்சில் கை பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. அதனால் கசிவில் காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநர் தொடாமலே பிரேக் பிடிக்கும்.