சுட்ட ஒளி காத்த வரலாறு

சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது என்று பெரியோர் நம்மைத் தடுப்பதுண்டு. அது வீண் அச்சமன்று. கண்ணிலுள்ள வில்லை கதிரவன் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அவ்விடத்தில் விழித்திரை பழுதுறுகிறது. மாணவர்களே, அந்தத் தீங்கை ஆராய்ந்ததிலிருந்தே ஒரு சிகிச்சை பிறந்தது.

1945-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதைப் பார்த்துக் கண் பழுதுற்ற மருத்துவ மாணவர் ஒருவரை ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெரத் பரிசோதித்தார். விழித்திரையின் நடுவே ஒரு தழும்பு தெரிந்தது. கிழிந்த விழித்திரை கழன்றுவிடாதபடி ஒட்டவைக்க, அந்நாளைய மருத்துவர்கள் கண்ணின் வெளிப்புறத்திலிருந்து மின்வெப்பம் செலுத்தி உண்டாக்கும் தழும்பும் அத்தகையதே. கண்ணைத் தொடாமல், ஒளியைக் கொண்டே அதனை உண்டாக்கலாகாதா என்று அவர் எண்ணினார்.

ஹாம்பர்க் மருத்துவமனையின் கூரைமீது கருவியமைத்து, கதிரவன் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தினார். 1949-இல் வெற்றி கண்டார். ஆனால் மேகம் மூடினால் சிகிச்சை இல்லை. ஆகவே கார்பன் வில்விளக்கையும், பின்னர் செனான் விளக்கையும் நாடினார்.

1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் ரூபிக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். மறு ஆண்டே நியூயார்க்கில் அவ்வொளி ஒரு நோயாளியின் விழித்திரைக்கு மருந்தாயிற்று. லேசர் ஒளி கண்ணின் தெளிந்த பாகங்களைச் சுடாமல் கடக்கும். விழித்திரையின் அடியிலுள்ள நிறமிப் படலம் அதை உறிஞ்ச, அங்கே வெப்பம் பிறக்கும்.

நீரிழிவு முற்றினால் விழித்திரையில் புதிய குழாய்கள் முளைத்துக் குருதி கசியும். 1968 முதல் ஆர்கன் லேசர் இதற்குப் பயன்படலாயிற்று. ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுட்டால் அக்குழாய்கள் வாடுகின்றன. ஓரப் பார்வையில் சிறிது போகலாம், நடுப்பார்வை தப்புகிறது. கடும் பார்வையிழப்பு பாதிக்குமேல் குறைவதை அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்று 1976-இல் மெய்ப்பித்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இச்சிகிச்சை இருக்கும் பார்வையைக் காக்குமேயன்றி, இழந்ததைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. நீரிழிவு உள்ளோர் கண் நன்றாகத் தெரியும்போதே அதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அத்தகைய முதியவர் இருப்பின், இதனை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.