செக்ரோலில் பேர் இல்லாத வைரஸ்

றொசல்லயில் ரயில் ஏறினால் ஹட்டன், கொட்டகலை தாண்டி தலவாக்கலை. அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1944இல் அங்கே வேலை செய்த பொண்ட் என்பவர், தேயிலைச் செடியின் உணவுக் குழாய்களைச் சாகடிக்கும் ஒரு நோய்க்குக் காரணம் வைரஸ் என்று எழுதினார். எப்படித் தெரிந்தது? நோய்ச் செடியை நல்ல செடியோடு ஒட்டுக் கட்டினால் அதற்கும் நோய் வந்தது. ஆனால் உள்ளே போன வைரஸ் என்ன செய்யுதுன்னு அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

1956இல் ஜெர்மனியில் கீரரும் ஷ்ராமும், அமெரிக்காவில் பிராங்கெல்-கொன்ராட்டும் புகையிலை வைரஸின் புரத உறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஆர்.என்.ஏ.யை இலையில் தேய்த்தார்கள். நோய் வந்தது. அப்போ அந்த இழைதான் ஆள். ஆனால் இழையை வாசித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் வைரஸிடம் இல்லை, செடியிடம்தான் இருக்கு.

செடி சும்மா விடுமா? தன் செய்தி ஆர்.என்.ஏ.க்களின் தலையில் ஒரு தொப்பி வைத்திருக்கிறது. ஈஐஎஃப்4ஈ என்ற புரதம் அந்தத் தொப்பியைப் பிடிக்கும்; அதன் கூட்டாளி ஈஐஎஃப்4ஜி ரைபோசோமைக் கூட்டிவரும். நம்ம பாஷையில், செக்ரோலில் பேர் பதிந்தவருக்குத்தான் வேலை.

உருளைக்கிழங்கைத் தாக்கும் ‘வை’ வைரஸுக்குத் தொப்பி கிடையாது. அதன் இடத்தில் விபிஜி என்ற சொந்தப் புரதத்தை ஒட்டி வைத்திருக்கிறது. அது நேரே போய் கணக்கப்பிள்ளை கையையே பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடியை இதே குடும்பத்து டர்னிப் வைரஸில் 1997இல் கண்டுபிடித்தார்கள். பார்லி மஞ்சள் குட்டை வைரஸ் இன்னும் கில்லாடி. தலையில் ஒன்றுமே இல்லை. வால்பக்கத்து மடிப்பு ஒன்றால் ஈஐஎஃப்4ஜியைப் பிடித்து, வளைந்து தலைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கும்.

எனக்குப் பிடித்தது 2002. ‘வை’ வைரஸ் ஏறாத மிளகாய் ரகங்களைக் காரணம் தெரியாமலே பல வருசமாக வளர்த்து வந்தார்கள். பிரான்சில் ரூஃபெல் குழு தேடிப் பார்த்தால், அது ஈஐஎஃப்4ஈயின் மரபணுவேதான்! சில எழுத்து மாறியதால் விபிஜிக்குப் பிடி கிடைக்கவில்லை. செடிக்குக் கஷ்டமில்லை, அதே வேலை செய்ய உடன்பிறப்புப் புரதம் ஒன்று இருக்கு. எதிர்ப்புச் சக்தி என்கிறோம். உண்மையில் செடி சண்டையே போடவில்லை, கை கொடுக்கவில்லை.

நுவரெலியாப் பக்கம் கிழங்கு போடுற வீடுகளில், பெரியதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சின்னதை விதைக்கு எடுத்து வைப்பது வழக்கம். இந்த வைரஸ் பேன் பூச்சியாலும் பரவும், விதைக்கிழங்கு வழியாகவும் வரும். நோய்ச் செடியில் கிழங்கு சிறுத்துப்போகும். ஆக, அந்தச் சின்னக் குவியலில்தான் வைரஸ் அதிகம் உட்கார்ந்திருக்கும்.