ஏழு குறைகள்

வெள்ளை நிறம் ஏழு குறைகளை மறைக்கும் என்பது ஜப்பானியப் பழமொழி. அந்நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குப் பணிந்து, வெயிலுக்கு அஞ்சி வாழ்ந்தார்கள்.

1990-களில் டோக்கியோ நகரத்து ஷிபுயா வீதிகளில் பழமொழிக்கு ஆபத்து வந்தது. இளம்பெண்கள் கருங்கூந்தலுக்குப் பொன்னிறம் ஏற்றினார்கள். 'கியாரு' என்று அவர்களுக்குப் பெயர்; 'கேல்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு அது. 1979-ல் திறந்த 'ஷிபுயா 109' அங்காடி அவர்களுக்குக் கோயில்; 1995-ல் பிறந்த 'எக்' பத்திரிகை வேதம். அவர்களில் 'கங்குரோ' கூட்டத்தார் மேனியையே வலியக் கருக்கிக்கொண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை தீட்டினார்கள். இன்னும் மிஞ்சிப்போனவர்களுக்கு ஊர் சூட்டிய பெயர் 'யமன்பா'. நாட்டுக் கதைகளில் வரும் மலைப் பேய்க்கிழவி!

பிறகு மோஸ்தர் மாறிற்று, வெண்மேனி திரும்பிற்று. ஆனாலும், 'யாருக்காக இந்த அழகு?' என்று அந்தப் பெண்கள் கேளாமல் கேட்ட கேள்விக்குப் பழமொழியிடம் பதில் இல்லை.