சென்னையிலிருந்து புறப்பட்ட திருத்தம்

இந்திய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26இல். அதன் முதல் திருத்தம் 1951 ஜூன் 18இல் வந்துவிட்டது. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. சட்டத்தை இயற்றிய அதே அவைதான் இடைக்கால நாடாளுமன்றமாக அமர்ந்து, எழுதிய மை காயுமுன் தன் எழுத்தைத் தானே திருத்தியது. ஏன் இந்த அவசரம் என்று தேடினால் முதன்மையாக மூன்று வழக்குகளில் போய் நிற்போம். ஒன்று பீகாரின் ஜமீன் நிலம் பற்றியது. மற்ற இரண்டிலும் ஒரு தரப்பு சென்னை அரசு.

அவற்றுள் நமக்கு நெருக்கமானது கம்யூனல் ஜி.ஓ. எனப்பட்ட வகுப்புவாரி அரசாணை வழக்கு. அந்த ஆணைப்படி கல்லூரி இடங்கள் 14, 14ஆகப் பிரிக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்க இது தடை என்று செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. பொறியியல் இடம் கேட்டு வந்த சீனிவாசனுக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசமைப்பு வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர்.

சென்னை உயர் நீதிமன்றம் 1950 ஜூலையில் ஆணையைச் செல்லாதாக்கியது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அரசு வேலையில் ஒதுக்கீட்டுக்கு 16(4) இருக்கிறது, கல்விக்கு அப்படி ஓர் உட்பிரிவு இல்லை. நலிந்தோரைக் காக்கச் சொல்லும் 46ஆம் உறுப்பு வெறும் நெறி, அது அடிப்படை உரிமையை வெல்ல முடியாது என்பது நீதிபதிகளின் வாதம். அவர்களை இன்றும் வையும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏட்டில் இருந்ததை அவர்கள் சரியாகவே படித்தார்கள். ஓட்டை ஏட்டில்தான் இருந்தது. அதை அடைக்க வேண்டியவர்கள் ஏட்டை எழுதியவர்கள். பெரியார் தெருவில் இறங்கினார், மாநிலமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. சென்னையில் நடந்தவற்றை நேரு நாடாளுமன்றத்திலேயே சுட்டிக்காட்டினார். அப்படிப் பிறந்ததுதான் கல்வியில் ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4).

இவ்வளவு விரைவில் முடிந்ததற்குக் காரணம் 368ஆம் உறுப்பின் அமைப்பு. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்தால் போதும். கூட்டாட்சியைத் தொடும் சிலவற்றுக்கு மட்டும் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். அமெரிக்கா 1789க்குப் பின் 27 திருத்தங்களோடு நிற்க, நாம் 2023க்குள் 106ஐத் தொட்டதற்கு இதுவே வழி. அரசியல் நிர்ணய சபை வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்த சபை அன்று. அதன் எழுத்தைப் பின்வருவோர் மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பது முறையுமன்று. பிடிக்காதவர்கள் மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டிக்கொள்ளட்டும் என்ற கருத்தைத்தான் 1949 நவம்பர் 25 உரையில் அம்பேத்கரும் முன்வைத்தார்.

இரண்டாவது சென்னை வழக்கு அவ்வளவு பெருமைக்குரியதல்ல. ரொமேஷ் தாப்பர் பம்பாயில் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாநிலத்துக்குள் வரக் கூடாதென்று நம் அரசு தடுத்தது. உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் தடையை நீக்கியது. விளைவாக, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தப் 'பொது ஒழுங்கு' என்ற காரணமும் முதல் திருத்தத்தில் ஏறியது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது ஓரளவு ஆறுதல்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் நுழைந்தது: 31பி உறுப்பும் ஒன்பதாம் அட்டவணையும். அதில் பெயர் ஏறிய சட்டத்தை, அடிப்படை உரிமைக்கு முரண் என்று சொல்லி எந்த நீதிமன்றமும் தள்ள முடியாது என்பது அன்றைய ஏற்பாடு. முதலில் ஏறியவை 13. சென்னையின் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அவற்றில் ஒன்று. ஜமீன்தார்களின் வழக்கறிஞர் படையிலிருந்து உழவனைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் 15(4) ஒரு கொள்கையை வெளிப்படையாகச் சொல்லி வாதத்துக்கு நின்றது. அட்டவணையோ சட்டத்தை வாதத்திலிருந்தே ஒளித்து வைத்தது. குடை கிடைத்ததும் கூட்டம் சேர்ந்தது. 13 பின்னர் 284 ஆயிற்று.

1992இல் மண்டல் தீர்ப்பு இட ஒதுக்கீட்டுக்கு 50 விழுக்காடு என்று வரம்பு கட்டியபோது, தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டைக் காக்க 1993இல் தனிச் சட்டம் இயற்றினோம். 1994இல் 76ஆவது திருத்தம் அதை 257ஏ எண்ணிட்டு ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றியது. அன்று கட்சி வேறுபாடின்றி மகிழ்ந்தோம். ஆனால் அட்டவணைக்கும் அப்போதே எல்லை விழுந்திருந்தது. திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24இல் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதிக்குப் பின் அட்டவணையில் ஏறிய எதையும் அந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11இல் ஒருமித்துத் தீர்த்தார்கள். கொயல்லோ வழக்கு எனப்படும் அதுவும் தமிழ்நாட்டுடையதே. நீலகிரியின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் நிலங்களை ரயத்துவாரியாக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கிளைத்தது அது. கூடலூர் தேயிலைக் காட்டு வழக்கு நம் 69 விழுக்காட்டையும் நீதிபதிகளின் மேசைக்கு இழுத்துவிட்டது.

2019இல் ஒன்றிய அரசு வேறு வழியில் போனது. பொருளாதாரத்தில் நலிந்த, ஏற்கெனவே ஒதுக்கீடு பெறாத வகுப்பினருக்கு 10 விழுக்காடு தர, 15(6), 16(6) என்ற உட்பிரிவுகளை 103ஆவது திருத்தம் அரசமைப்பின் உடலிலேயே சேர்த்தது. ஜனவரி 8இல் மக்களவை, 9இல் மாநிலங்களவை, 12இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். அந்த வேகத்தையும் அதன் நோக்கத்தையும் நான் ஏற்கவில்லை. எதிர்த்து வழக்காடியவர்களில் தி.மு.க.வும் ஒன்று. 2022 நவம்பர் 7இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் திருத்தம் நிலைத்தது. 50 விழுக்காட்டு வரம்பு இந்தப் புதிய ஒதுக்கீட்டைத் தடுக்காது என்றது பெரும்பான்மை. 1951இல் சென்னைக்காகக் கண்டுபிடித்த வழியை டெல்லி எடுத்துக்கொண்டு வென்றது. அந்த வழியைக் கண்டுபிடிக்கக் காரணமான நாம் அட்டவணைக்குள் ஒதுங்கினோம்.