மண்டபம் முகாம்: பதிவேடும் படிப்பும்

மண்டபம் முகாம் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் பாலத்துக்கு மேற்கே, நிலம் ஒடுங்கிக் கடலுக்குள் நீளும் இடத்தில் உள்ளது. இலங்கையிலிருந்து படகில் வரும் தமிழர்கள் இந்தியாவில் முதலில் பதிவு செய்யப்படுவது இங்குதான். போரின் காரணமாக இந்தியா வந்து படித்த ஈழத் தமிழ் மாணவர்களில் மிகப் பலருக்கு முதல் இந்திய ஆவணம் இங்கு எழுதப்பட்ட குடும்பப் பதிவே. அவர்கள் எந்தக் கல்லூரியில் சேர முடியும், படித்தபின் எந்த வேலைக்குப் போக முடியும் என்பதை மதிப்பெண்ணோடு சேர்ந்து அந்தப் பதிவும் தீர்மானித்தது.

பதிவில்லாத காலம்

பாக் நீரிணையைக் கடந்து படிக்க வருவது புதிதல்ல. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். அவர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லை, விசா இல்லை, அயலார் பதிவும் இல்லை. இரு கரைகளும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தன. இலங்கையில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல்தான் வந்தது. அதுவரை பட்டம் பெற விரும்பிய யாழ்ப்பாணத்து இளைஞருக்குச் சென்னையும் கல்கத்தாவும் வெளிநாடாகத் தோன்றவில்லை.

ஆனால் எதிர்த்திசையில் போன கூலித் தொழிலாளருக்குப் பதிவு இருந்தது. 1900களின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த சிறு உலோக வில்லை அது. அதைக் காட்டினால் தோட்டம் வரை பயணம் நடக்கும், செலவு தோட்டக் கணக்கில் ஏறும். முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் இயங்கிய தடுப்பு முகாமின் வேலை, 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் மண்டபத்துக்கு மாறியது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தொழிலாளர்கள் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, துணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே கப்பலேற்றப்பட்டனர். மேல்வகுப்பில் பயணம் செய்த மாணவருக்கும் வழக்கறிஞருக்கும் இந்தக் காத்திருப்பு இல்லை. யாரை எழுதிவைக்க வேண்டும், யாரை எழுதாமல் விடலாம் என்பதைப் பயண வகுப்பே முடிவு செய்தது.

1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. முகாமின் வேலை சுருங்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை இங்குதான் தலைமையிடம் கொண்டிருந்தது. ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்றும் ‘மண்டபம் முகாம்’.

எல்லை வந்தது

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டன. பழைய கடல்வழி அதன்பின் நாட்டெல்லை ஆயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. அப்படி வந்த மலையகத் தமிழர்களுக்கு மண்டபம் இடைத்தங்கல் முகாம். அவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த குடிமக்கள். அதே கட்டடங்களில் பின்னர் தங்கிய அகதிகளின் நிலை வேறு.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1970களில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, இடம் கிடைக்காத தமிழ் மாணவர் சிலர் ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறி இந்தியக் கல்லூரிகளுக்கு வந்தனர். கடவுச்சீட்டும் விசாவும் உள்ள முறையான அயல்நாட்டு மாணவர்கள் அவர்கள். நீண்டகால விசாவில் வருவோர் 14 நாட்களுக்குள் அயலார் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும் என்பது பின்னாளைய விதி. மாவட்டங்களில் அந்த அலுவலர் காவல் கண்காணிப்பாளர்தான். விசா மாணவருக்கு இது ஒரு நாள் அலைச்சல். விசா இல்லாதவருக்கு அந்த வாசலே கிடையாது.

1983க்குப் பிறகு

1983 ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து படகுகள் வரத் தொடங்கின. 1983க்கும் 2012க்கும் இடையே இந்தியா வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது இந்திய அரசின் கணக்கு. பலர் அரிச்சல்முனையிலோ, அதற்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளிலோ இறக்கிவிடப்பட்டனர். கியூ பிரிவு போலீசாரின் விசாரணை முடிந்தபின் வருவாய்த் துறை பெயர், வயது, ஊர், உறவு ஆகியவற்றைக் குடும்பவாரியாக எழுதும். பிறகு மாநிலத்தின் வேறு முகாம்களுக்கு அனுப்பிவைப்பார்கள். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே ‘அகதி’ என்ற சொல் நிர்வாகத்தில் புழங்கினாலும், சட்டத்தின் கண்ணில் இவர்கள் உரிய ஆவணமின்றி நுழைந்த அயலார்.

ஒரு மாணவனுக்கு இதன் பொருள் என்ன? சாதிச் சான்றிதழ் இல்லை, எனவே இட ஒதுக்கீடு இல்லை. ஓடிவந்தவர்களின் கையில் சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்கள் இருப்பதே அரிது. முகாமில் குறித்த நாளில் கணக்கெடுப்பு நடக்கும். அதில் ஆள் இல்லையென்றால் பதிவு நீக்கப்படலாம், பணக்கொடை நின்றுபோகலாம். வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பவர் அதற்கென அனுமதி பெற வேண்டும். தேர்வும் கணக்கெடுப்பும் ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும் என்ற கவலை மற்ற மாணவருக்குப் புரியாதது. 1990இல் அகதியாக வந்த தொ. பத்திநாதன் எழுதிய ‘போரின் மறுபக்கம்’ இந்த வாழ்க்கையை உள்ளிருந்து பதிவு செய்த நூல்.

வாசல்கள் திறந்தும் மூடியும் வந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்லூரிகளில் இவர்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது, 1996க்குப் பின் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாமலேயே கல்லூரியை இழந்தனர். எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்விக்கு உதவியது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் பெற்றுத்தரும் பணியையும் செய்தது.

2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. பொறியியல் சேர்க்கைக்குத் தகுதி பெறும் முகாம் மாணவரில் முதல் 50 பேரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்பது அதில் ஒன்று. முகாம்களின் பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. ஆயினும் பட்டம் பெற்றவருக்கு அரசு வேலை கிடையாது. பொறியியல் முடித்துப் பெயிண்டிங் வேலைக்குப் போகும் இளைஞர்கள் எந்த முகாமிலும் உண்டு.

2022 மார்ச் 22 அன்று, பொருளாதார நெருக்கடியால், 16 பேர் படகில் வந்து இறங்கினர். தொடர்ந்து மேலும் பலர் வந்தனர். போர் முடிந்த பிறகு வந்தவர்கள் என்பதால் இவர்கள் முந்தைய அகதிகளைப் போல முறையாகப் பதியப்படவில்லை. மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டனர், உணவும் இடமும் கிடைத்தன, அட்டை கிடைக்கவில்லை. பதிவின் சுமையைப் பற்றி முறையிட்டவர்களின் அருகிலேயே பதிவே இல்லாத பிள்ளைகள் வளரத் தொடங்கினர்.

ஒரு தேதி

இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு விதி இன்னும் கடுமை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் அகதியாகப் பதியப்பட்டு வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் தம் பிறப்புச் சான்றிதழோடு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் நீதிமன்றம் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே முகாமில் ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பிறந்து, அதே பள்ளிக்கூடத்தில் அதே பாடநூலைப் படித்தவர்களுக்கு அந்த வழி இல்லை.